லிவிங்ஸ்டோனி செத்ததுபோல் கிடப்பது நோயா, வேட்டையா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கடித் தொட்டி, போர் தண்ணீர். அதில் லிவிங்ஸ்டோனி என்ற ஆப்பிரிக்க மீன் ஒன்றும், அதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த கலர் கலரான சில சின்ன ஆப்பிரிக்க மீன்களும் விட்டிருக்கிறார். லிவிங்ஸ்டோனி அடிக்கடி மணலில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறதாம். செத்துவிட்டது என்று வலையை உள்ளே விட்டால் சட்டென்று எழுந்து ஓடுகிறதாம். இதற்கிடையில் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. மீனுக்கு என்ன நோய் என்பது அவருடைய முதல் கேள்வி. ஆப்பிரிக்க மீனுக்கு உப்புத் தண்ணீர்தான் ஒத்துவரும், நம் ஊர் போர் தண்ணீரே போதும் என்று கடையில் சொன்னார்களாம். அது சரியா என்பது இரண்டாவது.

நோய் எதுவும் இல்லை தம்பி. காணாமல் போனவை எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. கடையில் சொன்னதை நம்பி அப்படியே விட்டால், இன்றைக்கு நடிக்கிற மீன் நாளைக்கு நிஜமாகவே செத்துக் கிடக்கும்.

முதலில் மீனைப் பார்ப்போம். நிம்போகுரோமிஸ் லிவிங்ஸ்டோனி என்பது முழுப்பெயர். 1894-இல் ஆல்பர்ட் குந்தர் இதை அறிவியல் உலகத்துக்கு விவரித்தார். சொந்த ஊர் மலாவி ஏரி. மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்றுக்கும் நடுவில் வடக்குத் தெற்காக 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற நன்னீர் ஏரி அது. ஆழமான இடத்தில் 700 மீட்டர் போகும். நம் பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வருகிற கண்மாய்க்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று புரியும். அந்த ஒரே ஏரியில் 700-க்கும் மேல் சிக்லிட் வகைகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வேறெங்கும் கிடையாது. பாசி தின்பது, மணலைச் சலித்துத் தின்பது, பிற மீன்களைத் தின்பது என்று ஆளுக்கொரு பிழைப்பு. லிவிங்ஸ்டோனி மூன்றாவது ரகம்.

அது வேட்டையாடுகிற விதம்தான் உங்களைப் பயமுறுத்தியது. நன்றாகக் கவனித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் நடப்பது தெரியும். நீந்திக்கொண்டிருக்கிற மீன் மெதுவாகத் தாழ்ந்து மணலைத் தொடும். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். துடுப்புகள் ஒடுங்கிவிடும். வெளிர்நிற உடம்பில் இருக்கிற பழுப்புத் திட்டுகள் அழுகிப்போன மீனின் தோல் மாதிரியே தோன்றும். செவுள் மூடி மட்டும் தெரிந்தும் தெரியாமலும் அசையும். மேல்பக்கத்துக் கண்ணைப் பாருங்கள், அது சும்மா இருக்காது. சுற்றி வருகிறவனை அளந்துகொண்டே இருக்கும். சில நிமிடங்கள் இப்படியே கிடக்கும். செத்த மீனைக் கொத்தலாம் என்று ஒரு பொடிமீன் கிட்டே வந்து தோலில் வாயை வைக்கும். அவ்வளவுதான். தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். வாய் குழாய்போல் முன்னே நீளும். தண்ணீரோடு சேர்த்துப் பொடிமீனும் உள்ளே. அப்புறம் எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே போனதைத் தொண்டையில் இருக்கிற இரண்டாவது தாடை பார்த்துக்கொள்ளும். சிக்லிட் குடும்பத்தின் எல்லா மீனுக்கும் அந்த உள்தாடை உண்டு.

இது தொட்டியில் வந்த கெட்ட பழக்கம் இல்லை. கென்னத் மெக்கே என்ற ஆய்வாளர் மலாவி ஏரியிலேயே இதைப் பார்த்து 1981-இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். செத்ததுபோல் கிடப்பது பல பிராணிகளுக்குத் தெரிந்த வித்தைதான், ஆனால் அவை உயிர் தப்பிக்கச் செய்கின்றன. சாப்பாட்டுக்காகச் செய்வது மிக அபூர்வம். மீன் தெரிந்தே நடிக்கிறதா என்று கேட்டால், எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை. பதுங்கி இருந்து பிடிக்கிற மீன்கள் நம் கடலிலும் நிறைய. தும்பிலி மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். களவா பாறை இடுக்கில் நிற்கும். இவை எல்லாம் தன்னை மறைத்துக்கொள்கின்றன. லிவிங்ஸ்டோனி ஒளிவதே இல்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில் படுத்து, ஆசை காட்டிக் கூப்பிடுகிறது. அந்த ஒரு படி அதிகம்.

அதன் சொந்தக்காரர்களுக்கும் தனித்தனி வித்தை உண்டு. கடைகளில் வீனஸ்டஸ் என்று விற்கிறார்களே, அது மணலில் பாதி புதைந்து காத்திருக்கும். லின்னி என்ற இன்னொன்று, தொங்குகிற நீண்ட மூக்கைப் பாறை இடுக்கில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற குஞ்சு வெளியே வரும்வரை அசையாது. கம்ப்ரெசிசெப்ஸ் என்ற தட்டை மீன் நீர்த்தாவரங்களுக்கு நடுவே தலைகீழாகச் சாய்ந்து நிற்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் ஒரு கோடுதான். பக்கத்து டங்கன்யிகா ஏரியில் பெரிசோடஸ் என்று ஒரு சிக்லிட், மற்ற மீன்களின் செதிலைப் பிடுங்கித் தின்று வாழ்கிறது. அதன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும், சிலவற்றுக்கு இடது, சிலவற்றுக்கு வலது. இடக்கோணல் அதிகமானால் இரை மீன்கள் அந்தத் தாக்குதலுக்கு உஷாராகிவிடும், உடனே வலக்கோணலுக்கு வாழ்வு வரும். பிறகு நிலைமை மாறும். மிச்சியோ ஹோரி 1993-இல் இதை விளக்கினார். படித்தபோது நான் நம்பவே இல்லை, படங்களைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

சரி, படுத்துக் கிடப்பது எப்போதும் வேட்டைதானா? அப்படியும் சொல்ல முடியாது. வேட்டைக்குப் படுத்த மீன், நீங்கள் கண்ணாடிக்குக் கிட்டே போனாலே பெரும்பாலும் எழுந்துவிடும். தீனி போட்டால் வரும். எழுந்த பிறகு நேராக நீந்தும். நோயில் சாய்ந்த மீன் எழுந்தாலும் தள்ளாடும், தலை மேலேயோ கீழேயோ போகும். மூச்சு வேகமாக வாங்கும். வயிறு உப்பி, தீனியைத் தொடாமல், வெள்ளை நூல் மாதிரிக் கழிவு தொங்கினால் அது மலாவி மீன்களுக்கு அடிக்கடி வரும் வயிற்று உப்பல். உடனே கவனிக்க வேண்டும். எல்லா மீன்களும் சேர்ந்து மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் கோளாறு தண்ணீரில். அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

இனி தண்ணீர். ராமநாதபுரம் கடற்கரையில் மீன் வளர்க்கிறவனுக்கு மற்ற எல்லாம் அப்புறம்தான்.

மலாவி ஏரித் தண்ணீரின் பி.எச். ஏறத்தாழ 7.7-இலிருந்து 8.8 வரை. அதாவது காரத்தன்மை. கடைக்காரர்கள் பிடித்துக்கொண்ட நூல் முனை இதுதான். காரத் தண்ணீர் என்பதை உப்புத் தண்ணீர் என்று ஆக்கி, உப்புத் தண்ணீர் என்றால் நம் போர் தண்ணீர் என்று முடித்துவிட்டார்கள். உண்மையில் மலாவி ஏரியில் கரைந்திருக்கிற உப்பு மிகக் குறைவு. கரைந்த உப்பை அளக்க உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷின்காரர் வைத்திருக்கிற டி.டி.எஸ். மீட்டரை அந்த ஏரியில் முக்கினால் 150-ஐ ஒட்டித்தான் காட்டும். இருக்கிற கொஞ்சமும் பெரும்பாலும் பைகார்பனேட் வகை. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய போர்களில் அதே மீட்டர் 2000, 3000 என்று காட்டுவது புதிதல்ல. அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு, அதாவது நாம் சோற்றில் போடுகிற உப்பு. இரண்டும் காரமாக இருக்கலாம். மீனின் செவுளுக்கும் சிறுநீரகத்துக்கும் இரண்டும் ஒன்றல்ல. சிக்லிட் தாக்குப்பிடிக்கிற ஜாதி, அதனால் உடனே சாகாது. சாகாததால்தான் கடையில் சொன்னது சரி என்று தோன்றுகிறது. நிறம் மங்கும், வளர்ச்சி நின்றுபோகும், ஒரு நாள் காரணம் தெரியாமல் போய்விடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் வெயிலில் தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்புவோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒவ்வொரு வாளியும் புதிதாக உப்பைக் கொண்டுவரும். சித்திரை, வைகாசி முடியும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள், போரில் இருந்ததைவிடத் தொட்டியில் அதிகமாக இருக்கும். உப்பளத்தில் நடப்பதை வரவேற்பறையில் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆவியாகிக் குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீராலோ மழைத் தண்ணீராலோ நிரப்புங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறதென்றால் அதுதான் முதல் தேர்வு. குடம் வைத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற தண்ணீரை மீனுக்கு ஊற்றினால் வீட்டில் என்ன பேச்சு கிடைக்கும் என்பது தெரியும், அதனால் தெரு நிலவரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்பு ஓட விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாடி மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதும் நல்ல வழி. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். மழைத் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் வெறும் தண்ணீர், பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துச் சேர்த்தால் தாங்கும் சக்தி வந்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்காகப் போர் தண்ணீரையே கொஞ்சம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், கலந்துகொள்ளலாம். ஒரே நாளில் முழுத் தொட்டியையும் மாற்றிவிடாதீர்கள். உப்பில் பழகிய மீனை நல்ல தண்ணீரில் திடீரென்று போட்டாலும் அதிர்ச்சிதான். வாரத்துக்குக் கால்வாசி என்று இறக்குங்கள்.

பி.எச். உயர்ந்த தொட்டியில் கழிவு தேங்குவது பெரிய ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியாவில் விஷமான பகுதி, பி.எச். 7-இல் இருப்பதைவிட 8.2-இல் பத்து மடங்குக்கு மேல். எனவே சிக்லிட் தொட்டிக்கு ஃபில்டர் பெரிதாக இருக்க வேண்டும்.

தண்ணீரைக் காரமாக வைக்கத் தொட்டிக்குள் பவளத் துண்டு போடச் சொல்கிற வீடியோக்கள் நிறைய. வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குவதை, நமக்குக் கரையிலேயே கிடக்கிறதே என்று பொறுக்கப் போகாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளத்துக்கும் விலக்கு இல்லை. நம் பக்கம் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பகுதி தேசியப் பூங்கா வேறு. ஒரு மீன் தொட்டிக்காக வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டாம். சமையலுக்கு வாங்குகிற மட்டியின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் அதே வேலையைச் செய்யும். அடியில் பரப்ப மெல்லிய ஆற்று மணல் போதும். படுக்கிற மீன் இது, கூர்மையான ஜல்லி போட்டால் தோல் கீறும்.

வெப்பம் பற்றிச் சுருக்கமாக. ஏரியின் மேல்நீர் 24-இலிருந்து 29 டிகிரி வரை. நம் வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 32-ஐத் தொடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படுகிற மாதிரி ஒரு மேசை விசிறி வையுங்கள். கடற்கரைப் புழுக்கத்தில் மதுரையில் குறைகிற அளவு குறையாது, ஆனாலும் குறையும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்பு ஒன்று கட்டாயம்.

தீனிக்கு, மீன் தின்னும் மீன் என்பதற்காக உயிர்மீன் போட வேண்டியதில்லை. கண்மாயில் பிடித்த பொடிமீனைப் போட்டால் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். நல்ல சிக்லிட் பெல்லட்டைப் பிரதானமாக வைத்து, வாரத்தில் ஓரிரு முறை உரித்த இறால் துண்டு கொடுங்கள். சென்னாக்கூனி கொடுக்கலாம், உப்புப் போக ஊறவைத்துக் கழுவிவிட்டு. சாளை வேண்டாம், எண்ணெய் படர்ந்து தண்ணீர் நாறும். ஆட்டு ஈரல், மாட்டு இருதயம் போன்றவை இதன் குடலுக்கு ஒத்துவராது.

கூட்டாளிகள் விஷயத்தில் கணக்கு எளிது. வாய்க்குள் போகிற அளவு எதுவும் தங்காது. லிவிங்ஸ்டோனி 25 சென்டிமீட்டர் வரை வளரும். கடையில் விரல் நீளத்தில் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. நான்கடித் தொட்டி இப்போதைக்கு ஓடும், வளர்ந்த பிறகு ஆறடியாவது வேண்டும். மிச்சமிருக்கிற சின்ன மீன்களை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வீனஸ்டஸ் போல் அதே உருவத்தில் இருக்கிற மலாவி மீன்களோடு சேர்த்து வைக்கலாம். ஆண் முதிர்ந்தால் தலையிலும் உடம்பிலும் நீலம் ஏறும், முரட்டுத்தனமும் ஏறும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களாவது இருந்தால் அடி பங்கிட்டுக்கொள்ளப்படும். முட்டையையும் குஞ்சையும் தாய் ஏறக்குறைய மூன்று வாரம் வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் தாடை உப்பி, தீனி எடுக்காமல் இருந்தால் அதையும் நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு பெரிய தொட்டி என்னால் முடியாது என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சும்மாவாவது கொடுத்துவிடுங்கள். ஊரணியிலோ கண்மாயிலோ விடுவது மட்டும் கூடாது. ஒரு மீன் என்ன செய்துவிடும், கோடையில் கண்மாய் வற்றினால் தானாகச் செத்துவிடுமே என்று சொல்வார்கள். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், அதுவும் வாயில் குஞ்சு பொரிக்கிற ஜாதிதான். 1952-இல் இலங்கையிலிருந்து நம் மண்டபத்துக்குத்தான் அதைக் கொண்டுவந்தார்கள், உணவுக்காக, நல்ல எண்ணத்தில். இன்றைக்கு அது இல்லாத கண்மாய் எங்கே இருக்கிறது? கழிமுகத்து உப்புத் தண்ணீரிலும் கிடக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனை விட்டார்கள். அங்கே மட்டுமே வாழ்ந்த சிக்லிட் வகைகளில் 200 அளவுக்கு அழிந்துபோயின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, போர் தண்ணீர், தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் மூன்றையும் அளந்து எழுதுங்கள் தம்பி. எதை எவ்வளவு கலப்பது என்று அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.